யேசுதாசன் லாமினேட் செய்த தீவு

சென்ற மாதம் நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் மேசையில் இருந்து வேலை செய்பவள் அவள். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் தொழிலைச் சுவீடனில் முறையாகப் படித்தவள். இரசாயனம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

“அன்ரி, ஒரு ஆள் பழைய வரைபடம் ஒண்டைக் கொண்டுவந்திருக்கிறார். முழுக்க லாமினேட். ரெண்டு பக்கமும்.”

“தமிழ் ஆளோ?”

“பின்னை?” என்று சிரித்தாள். “நீங்கள் செய்த அந்தத் தீவுப் போஸ்டரைப் பற்றி இஞ்சை எல்லாரும் கதைக்கினம். ஆனால் ஆளுக்கொரு மாதிரிச் சொல்லினம். ஒருத்தர் சொல்லுறார், நீங்கள் அதைச் சுடுதண்ணியில அவிச்சனீங்களாம்.”

“அவிக்கிறதோ? அதென்ன மரவள்ளிக் கிழங்கோ?”

“அதுதான் சொல்லுறன். ஒருக்கா வடிவா எழுதி வையுங்கோ.”

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. அவித்த கதை பரவுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

தொழில் பழகிய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். நோர்வேக்கு வந்ததும் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை. பிறகு ஒஸ்லோ. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து என்னை ஒரு பயிற்சி இடத்துக்கு அனுப்பினார்கள். “கையால் செய்யும் வேலை, சத்தம் இல்லாத இடம்” என்று மட்டும் சொன்னார்கள். ஆற்றங்கரையில் ஒரு பழைய செங்கல் ஆலைக் கட்டடம். அதன் மேல்மாடியில் நீளமான மேசைகள், ஈரத் தாள்களை உலர்த்தும் பலகைகள், பெரிய வடக்குப் பக்க யன்னல்கள். பட்டறையின் தலைவி குன்வோர், உயரமான, ஒல்லியான பெண். நான் “மடம்” என்று அழைத்தேன். அவர் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார். “குன்வோர்” என்றார். அதற்குமேல் அறிமுகம் இல்லை.

முதல் வாரம் அவருக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் என்று நினைத்திருந்தேன். நான் எதைச் சொன்னாலும் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார். பிறகுதான் விளங்கியது, அது “ஆம்” என்பதாம். நோர்வேயில் சிலர் ‘ஜா’ என்ற சொல்லை மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். நாங்கள் ‘ஓம்’ சொல்லும்போது வாய் திறந்து காற்று வெளியே வரும். அவருக்கு உள்ளே போகும். அந்த உள்மூச்சு வந்தால் வேலை சரி. வராவிட்டால் சரியில்லை. அதற்குமேல் பாராட்டோ ஏச்சோ அவரிடம் கிடையாது.

ஒருவர் பிழையாகச் செய்தால் குன்வோர் என்ன செய்வார் தெரியுமா? கிட்ட வந்து, கையில் இருக்கும் கருவியை மெதுவாக வாங்கி மேசையில் வைப்பார். நாம் போய்க் கை கழுவ வேண்டும். திரும்பி வந்ததும் அதே கருவியைத் திரும்பத் தருவார். ஒரு சொல்லும் இராது. கை கழுவிக்கொண்டு நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் என்ன பிழை என்று நமக்கே தெரிந்துவிடும். கோதுமை மாப்பசை காய்ச்சப் பழகிய காலத்தில் என் கைகள் எப்போதும் கழுவியபடிதான் இருந்தன. கூழ் காய்ச்சத் தெரிந்த எனக்கு இதென்ன பெரிய வேலை என்று இறங்கினேன். கட்டி கட்டியாக வந்தது.

எங்களிடம் வந்தவற்றில் பாதிக்குமேல் பழைய பயணச் சுவரொட்டிகள். நீராவிக்கப்பல் ஓடிய காலத்தில் கப்பல் நிறுவனங்களும் விடுதிகளும் அச்சிட்டு, ரயில் நிலையங்களிலும் பயண முகவர்களின் கடைகளிலும் ஒட்டியவை. அதிலும் தீவுகளுக்குத் தனி மவுசு. இந்தப் படங்களைப் பல வருடம் கிட்ட இருந்து பார்த்ததில் அவற்றின் இலக்கணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வானத்துக்கு ஒரே நீலம், அதில் ஒரு கோடும் இராது. கப்பல் வெள்ளையாக இடப்பக்கத்தில் இருந்து வரும். கடலில் அலை கிடையாது. ஒருவரும் வாந்தி எடுக்கமாட்டார். தீவில் யாரும் வேலை செய்யமாட்டார்கள். வலை இராது, மீன் செதில் இராது. ஒரு பெண் கை அசைப்பாள். பின்னால் சிவப்புக் கூரை, இரண்டு பைன் மரம். கீழே பெரிய எழுத்தில் தீவின் பெயர்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவள். என் கணவருக்கு இந்த வேலை பெரிய பகிடி.

“தீவை விட்டு வெளிக்கிட வள்ளம் தேடி அலைஞ்ச சனம் நாங்கள். இவையள் என்னடா எண்டால், கப்பல் பிடிச்சுத் தீவுக்குப் போங்கோ எண்டு படம் கீறி ஒட்டியிருக்கினம். நீர் அதுக்குப் பசை பூசுறீர்.”

“பசை பூசித்தான் வீட்டு வாடகை போகுது” என்பேன்.

பழைய சுவரொட்டி விலைபோகும் பொருள். அதனால் வியாபாரிகளும் வருவார்கள். ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஒரு சுவரொட்டியின் நான்கு மூலையிலும் இருந்த ஊசித் துளைகளை அடைத்துத் தரும்படி கேட்டார். ஒருநாளும் சுவரில் ஏறாதது போல இருக்கவேண்டுமாம். குன்வோர் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். “இது சுவரில் இருந்தது. அதற்காகத்தான் அச்சிட்டார்கள்” என்று சொல்லி, சுருட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கிழிசலைப் பொருத்துவோம், அழுக்கை எடுப்போம், மடிப்பைத் தளர்த்துவோம். வாழ்ந்த அடையாளத்தை அழிக்கமாட்டோம். இதை அவர் விதி என்று எழுதி ஒட்டவில்லை. அந்த வியாபாரி படியிறங்கிப் போன சத்தத்தில் இருந்து நான் படித்துக்கொண்டேன்.

இனி யேசுதாசன்.

யேசுதாசன் மன்னாரைச் சேர்ந்தவர், குரோருட்டில் குடியிருப்பவர், பேருந்து ஓட்டுநர். எங்கள் தேவாலயத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு எல்லாம் ஓடியாடிச் செய்பவர். ஒவ்வொரு யூலையிலும் தென்கரையில் உள்ள ஒரு சின்னத் தீவுக்குச் சில குடும்பங்களைச் சேர்த்து ஒரு வார விடுமுறைக்குக் கூட்டிப்போவார். தூரில் என்ற நோர்வேஜியப் பெண் அங்கே ஒரு விருந்தினர் விடுதி வைத்திருந்தார். மரத்தால் கட்டிய பழைய வீடு. முதல் வருடம் எங்கள் சனம் அதன் சமையலறையில் நண்டுக்கறி வைத்ததில் தீவு முழுக்க வாசம் போனதாம். அடுத்த வருடம் தூரில் தானே மிளகாய்த்தூள் வாங்கி வைத்திருந்தாராம். அவ்வளவு ஒட்டுறவு.

இலையுதிர் காலத்தில் தீவில் எல்லோரும் கூடி வேலை செய்யும் நாள் ஒன்று உண்டு. படகுகளைக் கரையேற்றுவது, யன்னல்களுக்குப் பலகை அடிப்பது. யேசுதாசனும் உதவிக்குப் போயிருந்தார். சாப்பாட்டு அறையில் ஒரு பழைய சுவரொட்டி தொங்கியது. அந்தத் தீவின் படகுத்துறையையே காட்டும் படம். சட்டத்தின் கண்ணாடி வெடித்து, ஓரத்தால் ஈரம் ஏறியிருந்தது. “நான் ஒஸ்லோவில் சட்டம் போட்டுக் கொண்டுவருகிறேன்” என்றார் யேசுதாசன். தூரில் சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுக்கு யேசுதாசன் வந்தார். கையில் படுக்கை விரிப்பால் சுற்றிய, கதவுபோல விறைப்பான ஒரு பொருள். முகத்தில் பெருமை.

“அக்கா, உங்கடை ஃபீல்ட் எண்டபடியால் முதல் உங்களிட்டைத்தான் காட்டுறன்.”

சாப்பாட்டு மேசையில் வைத்து விரிப்பை நீக்கினார். கூரை விளக்கு அதில் பளீரென்று தெறித்தது. நீல வானம், வெள்ளைக் கப்பல், மஞ்சள் படகுத்துறை. துறையின் விளிம்பில் சிவப்பு நீச்சல் உடையில் ஒரு பெண் காலைத் தண்ணீரில் விட்டபடி இருந்து கை அசைக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலும் கீழும் தடித்த பிளாஸ்டிக்.

“திராமன் ரவுணில எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் விளம்பரப் பலகை அடிக்கிறவன். பெரிய மெசின் வைச்சிருக்கிறான். கண்ணாடி போட்டால் திரும்ப வெடிக்கும் அண்ணை, லாமினேட் அடிப்பம் எண்டான். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது. பாருங்கோ.”

என் கணவர் குடித்துக்கொண்டிருந்த குவளையை வாங்கி, ஒரு மிடறு தண்ணீரை வானத்தின் மேல் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் உருண்டு ஓடி மேசைவிரிப்பை நனைத்தது.

“சோக்கான வேலை!” என்றார் என் கணவர்.

நான் குனிந்து பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தேன். யேசுதாசன் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னக்கா? வடிவில்லையோ?”

சொன்னேன். சூட்டில் உருகிய பசை தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். உள்ளே இருந்த ஈரமும் பழுப்புப் புள்ளிகளும் பூஞ்சணமும் பசையோடு சேர்ந்து அடைபட்டுவிட்டன. பிளாஸ்டிக்கை இழுத்தால் தாளின் மேல்தோல் அதோடு வரும். அந்த மேல்தோலில்தான் படம் இருக்கிறது.

“கழட்டலாம்தானே?”

“தெரியாது, தாசன்.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு படத்தில் இருந்த பெண்ணின் மேல் விரல் வைத்தார்.

“இது தூரிலின்ரை தாய், அக்கா. கீறின ஆள் அங்கை விடுமுறைக்கு வந்து நிண்டவராம். விடுதிக்காரற்றை மகளைப் பிடிச்சு இருத்திக் கீறினதாம். மனிசி போன மாரியில செத்துப்போச்சு. இளமையில எடுத்த படம் வேறை ஒண்டும் இல்லையாம். தூரில் எனக்குச் சொல்லித் தந்தவ. சொல்லித்தான் தந்தவ.”

மறுநாள் இருவருமாக அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். குன்வோர் மேசையைச் சுற்றி நடந்தார். விளக்கைச் சரித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். உள்மூச்சு வரவில்லை.

“யாருடையது?” என்று கேட்டார்.

“என் நண்பருடையது” என்றார் யேசுதாசன்.

“அவருக்கு இது தெரியுமா?”

யேசுதாசன் என் பக்கம் திரும்பினார். “அக்கா, இது என்ரை எண்டு சொல்லுங்கோ.”

“நான் பொய் சொல்லமாட்டன்.”

“பொய்யில்லை அக்கா. திருப்பிக் குடுக்குமட்டும் என்ரைதானே?”

குன்வோருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். “உரியவர் சம்மதம் இல்லாமல் இந்த மேசையில் ஒன்றும் தொடப்படாது” என்றார். “செய்துபார்த்தால் கெட்டும் போகலாம். அதைத் தாங்கப்போவது அவர். முடிவும் அவருடையது.”

வெளியே படிக்கட்டில் யேசுதாசன் மன்றாடினார். தூரிலுக்குத் தெரியாமல் செய்து முடித்து, நல்ல சட்டத்தில் போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாம். தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். “இதைப் போனில சொல்லுறதோ அக்கா?” என்றார். அதுவும் சரிதான். எங்கள் ஆட்கள் நல்ல செய்தியைத் தொலைபேசியில் சொல்வார்கள். இப்படிப்பட்டதற்கு நேரில் போகவேண்டும், வெறுங்கையோடு போகவும் கூடாது.

அந்த வார இறுதியில் ரயில், பேருந்து, படகு என்று மாறி மாறித் தனியே போய்வந்தார். மனைவி சுட்ட ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோனாராம். தூரில் கோப்பி ஊற்றி வைத்தாராம். தொடங்க வாய் வராமல், தான் கொண்டுபோன ரோல்ஸைத் தானே ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பெட்டி பாதியானதும் சொல்லிவிட்டாராம்.

“ஏசினவவோ?” என்று கேட்டேன்.

“ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு வந்து இதை எழுதித் தந்தவ.”

பட்டறை கொடுத்தனுப்பிய சம்மதத் தாளின் அடியில் தூரில் தன் கையால் எழுதியிருந்தார்: படகுத்துறையில் இருப்பவர் என் தாய். மற்றதை முயன்று பாருங்கள். அவரில் சந்தேகம் வந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

குன்வோர் வாசித்தார். மூச்சு உள்ளே போனது.

“ஒரு நல்ல மனிதர் ஏன் இப்படிச் செய்தார்?” என்று அன்று கோப்பி நேரத்தில் கேட்டார். கோப்பி நேரத்தில் வேலையைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது அவருடைய வழக்கம். அன்றுதான் அதை அவரே மீறினார்.

அடுத்த நாள் என் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். கொழும்பில் ஒரு சந்துக்கடையில் லாமினேட் செய்தது. எங்கள் வீட்டில் லாமினேட் செய்யாத தாளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, திருமணப் பதிவு, திருஇருதயப் படம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ரயில் நேர அட்டவணை. அவற்றில் பழையவை கடலைக் கடந்தபோது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த தாள்கள். வியர்வை பட்டது, உப்புத்தண்ணீர் பட்டது. ஒரு சோதனைச் சாவடியில் நாங்கள் நாங்கள்தான் என்று காட்ட வேறு ஒன்றும் இருக்கவில்லை. எழுத்து அழிந்தால் ஆளே இல்லை. எங்களுக்கு ஒரு தாள் பெறுமதியானது என்றால் அதைப் பிளாஸ்டிக்கில் போடவேண்டும். யேசுதாசன் அந்தப் படத்துக்குச் செய்தது தன் பிள்ளைகளின் சான்றிதழுக்குச் செய்ததைத்தான்.

குன்வோர் என் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இது தன் வேலையைச் செய்திருக்கிறது” என்று சொல்லி இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

வேலையைப் பின்பக்கத்தில் தொடங்கினோம். அங்கே படம் இல்லை. பிழைத்தாலும் பழகலாம். இளஞ்சூடான தட்டையான உலோகக் கரண்டியைப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் நுழைத்து, தாளோடு ஒட்டினாற்போலக் கிடையாகத் தள்ளவேண்டும். மேலே தூக்கக்கூடாது. சூடு குறைந்தால் அசையாது. கூடினால் பசை தண்ணீராகி இன்னும் உள்ளே இறங்கும். சரியான சூட்டில் காய்ச்சிய பாலின் ஆடைபோல மெதுவாக விலகும். ஒரு கையகலம் விலக்கிவிட்டு நிறுத்துவோம். தாள் ஆறவேண்டும்.

பிளாஸ்டிக் போனாலும் பசை தாளில் நிற்கும், காய்ந்தும் காயாத பலாப்பால்போல. ஒற்றுத்தாளைக் கரைப்பானில் நனைத்து, பசையின் மேல் வைத்து மூடி, காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் விடுவோம். பசை ஊதி இளகியதும், சப்பாத்தின் அடிப்பாகத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ரப்பர்த் துண்டால் உருட்டி உருட்டி எடுப்போம். சின்னச் சின்னப் புழுக்களாக வரும். ஒவ்வொரு புழுவையும் வெள்ளைத் தாளில் வைத்து, அதில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார் குன்வோர். பின்பக்கம் மட்டும் குளிர்காலத்தில் பெரும்பகுதியை விழுங்கியது.

முன்பக்கத்துக்கு வந்ததும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதித்தோம். ஓரத்தில் பிளாஸ்டிக்கில் ஊசித்தலையளவு திறந்து, ஒரு துளி கரைப்பான், மேலே ஒற்றுத்தாள். வானத்து நீலம் அசையவில்லை. மஞ்சளும் கறுப்பும் அப்படியே நின்றன. கப்பலின் பின்கொடியில் இருந்த சிவப்பைச் சோதித்தபோது ஒற்றுத்தாள் இளஞ்சிவப்பாகியது. அந்தச் சிவப்பு கரைப்பானில் ஓடும். பெண்ணின் நீச்சல் உடையும் அதே சிவப்பு.

வானம் வெளியே வந்தது. கடல் வந்தது. கப்பல் வந்தது. பிளாஸ்டிக் போன இடங்களில் படம் கதைக்கத் தொடங்கியதுபோல இருந்தது. மினுக்கம் இல்லாத, தூள் பூசியது போன்ற மெல்லிய நிறம். கொடியைக் கரைப்பான் இல்லாமல், சூட்டாலும் ரப்பராலும் மட்டும் எடுத்தோம். சிறிய இடம்தான். அதற்கே ஒரு காலைப்பொழுது போனது. குன்வோரின் மூச்சு உள்ளே போனது. எனக்குத் துணிவு வந்தது.

கடைசியாக அந்தப் பெண். முழங்காலில் தொடங்கினேன். பிளாஸ்டிக் ஓரம் எழுந்தது. இன்னும் கொஞ்சம். குன்வோர் உருப்பெருக்கியைக் கொண்டுவந்தார். எழுந்த பிளாஸ்டிக்கின் அடியில் மயிரளவு ஒரு நார் ஒட்டியிருந்தது. அந்த நாரில் தோல் நிறத்துப் புள்ளி. அவருடைய முழங்காலில் இருந்து வந்தது.

குன்வோர் என் கையில் இருந்த கரண்டியை வாங்கி வைத்தார். நான் போய்க் கை கழுவினேன். திரும்பி வந்தேன். கரண்டியை அவர் திருப்பித் தரவில்லை.

நான் விடவில்லை. வேறு கரைப்பானைக் கலந்து, ஆவியாக மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். கொடி வந்ததே என்றேன்.

“வரும் என்று நிச்சயமாகத் தெரியுமா?”

“பெரும்பாலும் வரும்.”

“அப்படியென்றால் சந்தேகம் இருக்கிறது” என்றார் குன்வோர். “சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று மகள் எழுதித் தந்திருக்கிறார். நாம் யோசிக்கத் தேவையில்லை.”

எனக்கு அது தோல்வியாகத்தான் பட்டது. முழுப் படமும் விடுபட்டு, பார்க்கவேண்டிய அந்த ஒரு ஆள் மட்டும் பிளாஸ்டிக்குக்குள் இருப்பதா? ஆனால் குன்வோர் ஏற்கனவே அடுத்ததை யோசித்துவிட்டார். எழுந்த அந்த ஓரத்தை, நாரோடு சேர்த்து, இளஞ்சூட்டில் மீண்டும் படுக்க வைத்தார். பிளாஸ்டிக்கைச் சதுரமாக விட்டால் சதுரம் கண்ணில் குத்தும். அவளுடைய உருவத்தின் விளிம்போடு வெட்டிவிட்டால் வெட்டுக் கோடு வரைந்த கோட்டுக்குள் மறைந்துவிடும். பிளாஸ்டிக் மட்டும் வெட்டுப்படவேண்டும், தாளில் கத்தி இறங்கக்கூடாது. குன்வோருக்கு அந்த வருடம்தான் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கத்தியை என்னிடம் தந்து, விளக்கைத் தான் பிடித்தார்.

தலைமயிர், தோள், முதுகு, தண்ணீரில் பாதி மறைந்த கால்கள். அசைக்கும் கையின் விரல்களில்தான் என் மூச்சு நின்றது. ஒரு விரல் முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பேன். வெளிச்சம் மாறினால் அன்றைக்கு நிறுத்திவிடுவோம். கடைசி விரலையும் சுற்றி வந்து கத்தியை வைத்தபோது குன்வோரின் மூச்சு என் காதோரமாக உள்ளே போனது.

அதன்பிறகு அதிகம் செய்யவில்லை. கழுவவில்லை, துணியில் ஒட்டவுமில்லை. ஈரத்தில் தாள் நீளும், பிளாஸ்டிக் நீளாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கிழிக்கும். ஓரக் கிழிசல்களை மட்டும் மெல்லிய தாளால் பின்னால் இருந்து பொருத்தினோம். கண்ணாடி படத்தில் முட்டாதபடி ஆழமான சட்டம் போட்டோம்.

யேசுதாசன் எடுத்துப்போக வந்தார். நேரே நின்று பார்த்தார், முகம் மலர்ந்தது. ஒரு பக்கமாக நகர்ந்தார், மலர்ச்சி போய்விட்டது.

“அக்கா, அந்த மனிசி மட்டும் மினுங்குது.”

“ஓம்.”

“தாயை மட்டும் பிளாஸ்டிக்கில விட்டுட்டம் எண்டு நான் எப்பிடிப் போய்ச் சொல்லுறது?”

“நானும் வாறன்” என்றேன்.

கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தகோஸ்து விடுமுறைக்கு விடுதியைத் திறப்பார்கள். அதற்கு முதல்நாள் போனோம். படகில் யேசுதாசன் சட்டத்தைப் பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தார். துறையில் இறங்கியதும் அதை என்னிடம் தந்துவிட்டு, “நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் படகுக்காரனுக்குச் சாமான் இறக்கக் கை குடுத்திட்டு வாறன்” என்றார். இறக்குவதற்கு இரண்டு பால் பெட்டிகள்தான் இருந்தன.

தூரில் என்னைவிட மூத்தவர், அகன்ற தோள், குட்டையான நரைமயிர். கை கொடுத்தார். செய்ததையும் செய்யாமல் விட்டதையும் வரிசையாகச் சொன்னேன். முழங்கால், நார், புள்ளி, ஏன் நிறுத்தினோம், எங்கே வெட்டினோம். குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. சட்டத்தை வாங்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினார். நேரே நின்று பார்த்தார். தலையசைத்தார். பிறகு கோப்பி எடுக்கச் சமையலறைக்குப் போனார்.

கோப்பிக் கூசாவோடு திரும்பி வந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். அங்கிருந்து பார்த்தால் படம் பக்கவாட்டில் தெரியும். கடல் பக்கத்து யன்னலில் இருந்து வெயில் படத்தின் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. வானம் மங்கல், கடல் மங்கல், கப்பல் மங்கல். துறையில் இருந்த பெண் மட்டும் தலைமயிர் முதல் முழங்கால் வரை பளபளவென்று மின்னினாள்.

தூரில் கூசாவும் கையுமாக நின்றார். நான் மன்னிப்புக் கேட்க நோர்வேஜியச் சொற்களைத் தேடத் தொடங்கினேன்.

அப்போது அவர் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள்கள் குலுங்கக் குலுங்க, கோப்பி தரையில் சிந்தச் சிந்த.

“நனைந்திருக்கிறார்” என்றார். “பாருங்கள், இப்போதுதான் தண்ணீரில் இருந்து ஏறியிருக்கிறார். என் அம்மா வாழ்நாளில் ஒருநாளும் ஒழுங்காகத் துடைத்ததில்லை. எண்பது வயதிலும் சொட்டச் சொட்ட வந்து இந்த மேசையில்தான் இருப்பார். விருந்தினர்கள் முன்னால்! நான் துவாயோடு பின்னால் ஓடுவேன்.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார். “இவ்வளவு காலமும் இந்தப் படத்தில் அவர் காய்ந்துபோய் இருந்தார். எனக்கு அது அம்மாபோலவே தெரியாது.”

பிறகு சுற்றிப் பார்த்தார். “யேசுதாசன் எங்கே?”

நான் துறைக்குப் போனேன். பால் பெட்டிகள் எப்போதோ இறங்கிவிட்டன. யேசுதாசன் படகு கட்டும் கட்டையில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“என்ன சொன்னவ?”

“சிரிச்சவ.”

“சும்மா சொல்லாதேங்கோ அக்கா. என்ன மாதிரிச் சிரிப்பு?”

“கோப்பியெல்லாம் நிலத்தில ஊத்துண்டுபோச்சு, அந்த மாதிரிச் சிரிப்பு.”

இப்போது திரும்பினார். “தாய்க்கு ஒண்டும் ஆகேல்லையாமோ?”

“தாய் இப்பதான் குளிச்சிட்டு ஏறியிருக்கிறாவாம். எழும்பும், உம்மைத் தேடுறா.”

அவர் எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த படகுக்காரர் கையை நிறுத்தி, அவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார்.

“அப்படியில்லை” என்றேன். “இப்போதுதான் சுகம் வந்திருக்கிறது.”